டெப்பில் ஸ்க்ரீன்ஷொட் மங்குகிறதா, பைல் கனக்கிறதா, திரையே சரியில்லையா: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

2020 மார்ச்சில் கொரோனாவால் இலங்கையில் பாடசாலைகளை மூடியபோது பாடம் வட்ஸ்அப்புக்குள் வந்தது. பாடசாலை திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. டீச்சர் பிடிஎப் அனுப்புகிறார். பிள்ளை அதில் வேண்டிய கணக்கை டெப்பில் (டேப்லட்டில்) ஸ்க்ரீன்ஷொட் எடுத்துக் கூட்டாளிக்கு அனுப்புகிறது. கூட்டாளி டவுனுக்குப் போகும் யாரிடமாவது சொல்லி, கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொள்கிறது. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். இதற்கிடையில் எங்கேயோ ஒரு இடத்தில் எழுத்து மங்கிப்போகிறது, இல்லாவிட்டால் பைல் பெரிதென்று விண்ணப்பம் திருப்பி விடுகிறது. உடனே செட்டிங்ஸுக்குள் போய்க் கண்டதையெல்லாம் மாற்றத் தொடங்குகிறோம்.

மாற்றுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் எப்படித் தெரிகிறது என்பது ஒன்று: வெளிச்சம், நிறம், எழுத்தின் பருமன் எல்லாம் அதில் சேரும். படத்தில் எத்தனை பிக்சல், அதாவது படத்தை உண்டாக்கும் சின்னப் புள்ளி, இருக்கிறது என்பது இரண்டாவது. பைலின் கனம், அதாவது எத்தனை கேபி, எத்தனை எம்பி என்பது மூன்றாவது. வெளிச்சத்தைக் கூட்டினால் அனுப்பும் படம் தெளிவாகாது. திரையில் எழுத்தைச் சிறிதாக்கினால் பைல் இலேசாகாது. 1920க்கு 1200 பிக்சல் உள்ள டெப், அதன் செட்டிங்ஸில் எழுத்தை எவ்வளவு பெரிதாக வைத்தாலும், 1920க்கு 1200 அளவில்தான் ஸ்க்ரீன்ஷொட் எடுக்கும்.

அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். ஒரு ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வீட்டில் இருக்கும் வேறொரு போனுக்கு அனுப்பி, அங்கே திறந்து பாருங்கள். அந்தக் கோளாறு அங்கேயும் தெரிந்தால் அது படத்திலோ செயலியிலோ இருக்கிறது. அங்கே சுத்தமாக இருந்தால் உங்கள் டெப்பின் கண்ணாடியிலோ டிஸ்பிளே செட்டிங்கிலோ இருக்கிறது. ஸ்க்ரீன்ஷொட் என்பது கண்ணாடியைப் பிடித்த போட்டோ இல்லை. செயலி வரைந்து கொடுத்த படத்தின் நேரடிக் கொப்பி. இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஸ்க்ரீன்ஷொட் எடுக்கும் வழி: ஆண்ட்ராய்ட் டெப்பில் பவர் பொத்தானையும் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்கி விட வேண்டும். ஹோம் பொத்தான் உள்ள ஐபேட்டில் மேல் பொத்தானும் ஹோம் பொத்தானும். ஹோம் பொத்தான் இல்லாத ஐபேட்டில் மேல் பொத்தானும் சத்தத்தைக் கூட்டும் பொத்தானும்.

நம் ஊரில் பெரும்பாலான டெப்கள் ஆங்கில மெனுவில்தான் இருக்கின்றன. அதனால் மெனுப் பெயர்களை ஒலிப்படியே எழுதுகிறேன். உங்கள் டெப்பில் அந்தப் பெயர் வேறு இடத்தில் இருந்தால், செட்டிங்ஸின் மேலே உள்ள பூதக்கண்ணாடிப் படத்தைத் தொட்டுத் தேடுங்கள்.

வந்த படம் மங்கலாக இருக்கிறது, உங்களிடம் மட்டும்

மற்றவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது, உங்களுக்கு மட்டும் புகை மூட்டமாகத் தெரிகிறது என்றால், படம் இன்னும் இறங்கவில்லை. வட்ஸ்அப் முதலில் ஒரு சின்ன மங்கல் முன்தோற்றத்தைக் காட்டிவிட்டு, முழுப்படத்தைப் பிறகுதான் இறக்கும். மலை மறைக்கும் தோட்ட டிவிசன்களில் சிக்னல் ஒரு கோட்டில் நின்றால் அந்த முன்தோற்றத்தோடு அப்படியே நின்றுவிடும். படத்தின் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தொட்டுவிட்டுச் சிக்னல் கிடைக்கும் இடத்தில் காத்திருங்கள். மங்கல் முன்தோற்றத்தை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். அதிலிருந்து எழுத்தை மீட்க எந்தச் செயலியாலும் முடியாது.

அனுப்பிய படம் எல்லோருக்கும் மங்கலாகப் போகிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால், அது டேட்டாவை மிச்சப்படுத்தப் படத்தைச் சிறிதாக்கி, ஜேபெக் என்ற பட வடிவமாக அமுக்கி அனுப்புகிறது. முகம், மலை, பூ என்றால் வித்தியாசம் தெரியாது. எழுத்து என்றால் தெரியும். தமிழ் எழுத்தில் முதலில் தொலைவது புள்ளி. ‘பக்கம்’ என்பதில் க்-இன் மேல் உள்ள புள்ளி கரைந்து ‘பககம’ போலத் தெரியும். அடுத்தது கொம்பும் சுழியும்: ‘கி’ எது, ‘கீ’ எது என்று கண் திணறும். கணித வினாத்தாளில் இது இன்னும் மோசம். 2.5 என்பதன் தசமப் புள்ளி போனால் 25 ஆகிவிடும். அடுக்குக்குறியாக மேலே நிற்கும் சின்ன 2, பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் ஒரு பிள்ளை, மங்கிய படத்தில் இருந்த வர்க்கக் குறியைச் சாதாரண 2 என்று வாசித்து, கணக்கு முழுவதையும் செய்து கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன். வழிமுறை அத்தனையும் சரி, கேள்விதான் வேறு. இப்படி நடக்கும்போது ஆத்திரமாக வருகிறது. பிள்ளையின் உழைப்பு வீணாவதற்குக் காரணம் அனுப்பிய விதம் மட்டும்தான்.

செய்ய வேண்டியது, இந்த ஒழுங்கில்:

முதலில் எடுக்கும்போதே எழுத்தைப் பெரிதாக எடுங்கள். பிடிஎப்பின் முழுப்பக்கத்தையும் திரையில் வைத்து எடுத்தால், ஒரு எழுத்துக்குக் கிடைக்கும் பிக்சல் கொஞ்சம்தான். டெப்பைப் படுக்கையாகத் திருப்புங்கள், இரண்டு விரலால் பெரிதாக்கி வேண்டிய கேள்வி மட்டும் திரையை நிறைக்கும்படி வைத்து எடுங்கள். பக்கம் முழுவதும் வேண்டுமென்றால் இரண்டு மூன்று படமாக எடுங்கள்.

பிறகு வெட்டுங்கள். மேலே மணி, பெற்றரி காட்டும் கோடு, கீழே உள்ள பொத்தான்கள், பக்கத்து வெள்ளை ஓரம் எல்லாம் வேண்டாம். வெட்டுவதால் எழுத்தின் தெளிவு ஒரு பொட்டும் குறையாது, படம் மட்டும் சிறிதாகும். வட்ஸ்அப்புக்கும் அதைச் சுருக்க வேண்டிய தேவை குறையும். மேலே வந்து நிற்கும் யாரோ ஒருவரின் மெசேஜும் அதோடு போய்விடும், அதுவும் நல்லதுதான்.

அதன் பிறகு அனுப்பும் விதம். படத்தைத் தெரிவுசெய்ததும் மேலே ‘எச்டி’ என்று ஒரு பொத்தான் வரும். 2023இல் இருந்து இந்த வசதி இருக்கிறது. அதைத் தொட்டு எச்டி தரத்தைத் தெரிவுசெய்தால் பெரும்பாலான வினாத்தாள் படங்களுக்குப் போதும். ஒரு புள்ளிகூட மாறக்கூடாது என்றால், இணைக்கும் குறியைத் தொட்டு ‘டொகியுமென்ட்’ வழியாக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் வட்ஸ்அப் படத்தில் கை வைக்காது, பைல் அப்படியே போகும். ஆண்ட்ராய்டில் ஸ்க்ரீன்ஷொட்கள் ‘பிக்சர்ஸ்’ அல்லது ‘டிசிஐஎம்’ போல்டருக்குள் ‘ஸ்க்ரீன்ஷொட்ஸ்’ என்ற பெயரில் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்த ஸ்க்ரீன்ஷொட்டை மறுபடி ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அனுப்பாதீர்கள். நான்கு கை மாறுவதற்குள் எழுத்து முடிந்துவிடும். வந்ததை அப்படியே ‘போர்வர்ட்’ செய்யுங்கள். இன்னும் நல்லது, டீச்சர் அனுப்பிய பிடிஎப்பையே போர்வர்ட் செய்வது.

நீட்டமான ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அனுப்பினால் எழுத்து வாசிக்கவே முடியவில்லை

உருட்டி உருட்டி முழுப்பக்கத்தையும் ஒரே படமாக எடுக்கும் வசதி சாம்சங்கில் இருக்கிறது. ஸ்க்ரீன்ஷொட் எடுத்ததும் கீழே வரும் பட்டியில் இரண்டு அம்புக்குறி கீழ்நோக்கிய பொத்தான் அது. ஆண்ட்ராய்ட் 12இல் இருந்து மற்ற டெப்களிலும் ‘கப்சர் மோர்’ என்று வருகிறது. வசதி நல்லதுதான். ஆனால் 1200 அகலம், 6000 உயரம் உள்ள படத்தின் நீளப்பக்கத்தை அனுப்பும் செயலி 1600 ஆக இறக்கினால் அகலம் 320தான் மிஞ்சும். 320 பிக்சலுக்குள் ஒரு முழு வரி தமிழ் நிற்காது.

நீட்டப் படத்தை டொகியுமென்ட் வழியாக மட்டும் அனுப்புங்கள், அல்லது நான்கைந்து துண்டாக வெட்டி அனுப்புங்கள். ஐபேட்டில் சபாரி பக்கமென்றால், ஸ்க்ரீன்ஷொட் எடுத்து மேலே ‘புல் பேஜ்’ என்பதைத் தொட்டு பிடிஎப்பாகச் சேமிக்கலாம். அது எவ்வளவு நீளமானாலும் எழுத்து கூராகவே இருக்கும்.

விண்ணப்பத்தில் ஏற்றப் போனால் ‘பைல் பெரிது’ என்று திருப்புகிறது

பரீட்சை விண்ணப்பம், பல்கலைக்கழக விண்ணப்பம், வேலை விண்ணப்பம் எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு எல்லை வைத்திருக்கும். அந்த எல்லை எதைச் சொல்கிறது என்று முதலில் வாசியுங்கள். கேபி, எம்பி என்று இருந்தால் அது கனம். பிக்சல் என்று இருந்தால் அது அளவு. சில இடங்களில் இரண்டும் கேட்பார்கள். 1 எம்பி என்பது ஆயிரத்துச் சொச்சம் கேபி. 500 கேபி கேட்கும் இடத்தில் 1.2 எம்பி படம் ஏறாது.

உங்கள் படத்தின் கனத்தைப் பார்க்க, கெலரியில் படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால் அல்லது மூன்று புள்ளியில் ‘டீட்டெய்ல்ஸ்’ தொட்டால் இரண்டும் தெரியும்.

இங்கும் வெட்டுவதுதான் முதல் வேலை. பாதி வெள்ளைத் தாளாக இருக்கும் படத்தைச் சுருக்குவதைவிட, வெள்ளையை வெட்டி எறிவது எழுத்துக்கு நல்லது. வெட்டிய பிறகும் பைல் கனமாக இருந்தால்தான் சுருக்க வேண்டும்.

சாம்சங்கில்: கெலரியில் படத்தைத் திறந்து, பென்சில் குறியைத் தொட்டு, மூன்று புள்ளிக்குள் ‘ரீசைஸ்’ என்பதைத் தொடுங்கள். விகிதங்கள் வரும். நேரே மிகச் சிறியதற்குப் போகாமல் ஒரு படி இறக்கிச் சேமித்து, கனத்தைப் பாருங்கள். மூலப்படத்துக்கு ஒரு கொப்பியை முதலே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் பிக்சல் பாதியாகாது, நாலில் ஒன்றாகும். 1920க்கு 1200 என்பது 23 இலட்சம் பிக்சல். அது 960க்கு 600 ஆனால் 6 இலட்சத்துக்கும் குறைவு. அதனால்தான் ‘பாதிதானே ஆக்கினேன், ஏன் இவ்வளவு மங்கல்’ என்று பலரும் கேட்கிறார்கள்.

மற்ற ஆண்ட்ராய்ட் டெப்களில்: கூகுள் போட்டோஸில் வெட்டலாம், ஆனால் இத்தனை பிக்சல் வேண்டுமென்று எண் கொடுத்துச் சுருக்கும் வசதி அதில் இல்லை. நான் எல்லோருக்கும் சொல்வது ‘ஸ்க்வூஷ்’ (Squoosh) என்ற இணையப் பக்கம். குரோமில் அந்தப் பெயரைத் தேடித் திறந்து, படத்தை உள்ளே கொடுங்கள். ‘ரீசைஸ்’ பொத்தானைப் போட்டு அகலத்தை மட்டும் எண்ணாகக் கொடுத்தால் உயரத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். கீழே தரத்தை ஏற்றி இறக்கும் கோடு இருக்கிறது. அதை நகர்த்தும்போதே புதிய கனம் ஓரத்தில் மாறும். படத்தை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். ‘க்’ மேல் உள்ள புள்ளி இருக்கிறதா என்று அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இறக்கிக்கொள்ளலாம். இதை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வேலை முழுவதும் உங்கள் டெப்புக்குள்ளேயே நடக்கிறது, படம் எங்கேயும் ஏறுவதில்லை. டேட்டாவும் மிச்சம், அடையாள அட்டை போன்றவற்றைக் கண்ட கண்ட தளத்தில் ஏற்றும் பயமும் இல்லை. சுருக்கித் தருகிறேன் என்று விளம்பரத்தோடு வரும் செயலிகளுக்குப் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐபேட்டில்: போட்டோஸ் செயலியில் சுருக்கும் வசதி இல்லை. ஸ்க்ரீன்ஷொட்டை ‘பைல்ஸ்’ செயலிக்குள் சேமித்து, அங்கே அதை அமுக்கிப் பிடித்தால் வரும் மெனுவில் ‘குயிக் அக்ஷன்ஸ்’ என்பதற்குள் ‘கன்வர்ட் இமேஜ்’ இருக்கும். ஐபேட் ஓஎஸ் 16இல் இருந்து இது உண்டு. அதில் ஜேபெக்கைத் தெரிந்து, அளவையும் சிறிது, நடுத்தரம், பெரிது என்று தெரியலாம்.

ஒருமுறை சுருக்கிச் சேமித்ததை மறுபடி பெரிதாக்கினால் பிக்சல் கூடும், தெளிவு கூடாது. எல்லை தாண்டிச் சுருக்கிவிட்டால் மூலப்படத்தில் இருந்து திரும்பத் தொடங்குங்கள்.

‘ஜேபெக் மட்டும்’ என்று சொல்லி ஏற்க மறுக்கிறது

பெரும்பாலான ஆண்ட்ராய்ட் டெப்பும் ஐபேட்டும் ஸ்க்ரீன்ஷொட்டை பிஎன்ஜி வடிவில் எடுக்கின்றன. பைல் பெயரின் கடைசியை மாற்றி எழுதினால் வடிவம் மாறாது, பெயர் மட்டும்தான் மாறும். பல விண்ணப்பங்கள் அதைக் கண்டுபிடித்துத் திருப்பிவிடும்.

சாம்சங்கில் செட்டிங்ஸ், ‘அட்வான்ஸ்ட் பீச்சர்ஸ்’, ‘ஸ்க்ரீன்ஷொட்ஸ்’ என்று போனால் எந்த வடிவில் சேமிக்க வேண்டும் என்பதை நீங்களே மாற்றலாம். மற்றவற்றுக்கு மேலே சொன்ன ஸ்க்வூஷ் போதும், ஐபேட்டுக்கு கன்வர்ட் இமேஜ்.

எல்லாவற்றையும் ஜேபெக் ஆக்கிவிட்டால் நல்லதா என்றால், இல்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து மட்டும் உள்ள பக்கம் பிஎன்ஜியில் கூராகவும் இலேசாகவும் இருக்கும். ஜேபெக் ஆக்கினால் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் தூசு போல ஒன்று படியும், கனம் சில நேரம் கூடவும் செய்யும். போட்டோவோ வீடியோக் காட்சியோ உள்ள ஸ்க்ரீன்ஷொட் என்றால் ஜேபெக்தான் இலேசு.

பிரிண்ட் எடுத்தால் தாள் முழுவதும் கறுப்பு, அல்லது எழுத்து உடைந்து வருகிறது

தாள் கறுப்பாக வந்தால், பின்னணியைக் கறுப்பாக்கும் டார்க் மோடில் இருந்து எடுத்திருக்கிறீர்கள். டார்க் மோட் செயலி வரையும் படத்தையே மாற்றுவதால் அது ஸ்க்ரீன்ஷொட்டுக்குள்ளும் வந்துவிடும். கடைக்காரரின் மையும் போகும், உங்கள் காசும் போகும். மேலிருந்து இழுக்கும் பட்டியில் டார்க் மோடை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

எழுத்து உடைந்தால் பிக்சல் போதவில்லை. ஏ4 தாளில் ஓரம் விட்டு ஏறக்குறைய 8 அங்குல அகலம் இருக்கிறது. 1200 பிக்சல் அகலப் படம் அதில் அங்குலத்துக்கு 150 புள்ளியாக விழும், வாசிக்கலாம். அதையே 600 ஆகச் சுருக்கிக் கொண்டுபோனால் 75தான். பிரிண்ட்டுக்குப் போகும் படத்தைச் சுருக்கவே வேண்டாம். கடைக்கு அனுப்பும்போதும் டொகியுமென்ட்டாக அனுப்புங்கள்.

ஸ்க்ரீன்ஷொட்டே எடுக்க முடியவில்லை, அல்லது கறுப்பாக வருகிறது

வங்கிச் செயலிகள், குரோமின் ‘இன்கொக்னிட்டோ’ பக்கம், காசு கட்டிப் பார்க்கும் வீடியோச் செயலிகள் இவற்றில் அப்படித்தான் இருக்கும். அது பாதுகாப்புக்காகச் செயலியே போட்ட தடை. டெப் பழுதில்லை. இன்கொக்னிட்டோ என்றால் சாதாரணப் பக்கத்தில் திறந்து எடுங்கள். எல்லாச் செயலியிலும் எடுக்க முடியாவிட்டால் இடம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

விண்ணப்பத்தின் ‘சப்மிட்’ பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது

இங்கிருந்து டிஸ்பிளே பக்கம் வருகிறோம். தாத்தா பாட்டி வாசிப்பதற்காக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்போம். அதே டெப்பில் பிள்ளை விண்ணப்பம் நிரப்ப உட்காரும்போது பொத்தான்கள் ஒன்றோடு ஒன்று முட்டி, கடைசிப் பொத்தான் காணாமல் போகும்.

இரண்டு வேறு கோடுகள் இருக்கின்றன. ‘பொன்ட் சைஸ்’ எழுத்தை மட்டும் மாற்றும். ‘டிஸ்பிளே சைஸ்’, சாம்சங்கில் ‘ஸ்கிரீன் சூம்’, எழுத்து, படம், பொத்தான் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றும். செட்டிங்ஸில் டிஸ்பிளேக்குள் இரண்டையும் காணலாம். பொத்தான் மறைந்தால் இரண்டாவதை முதலில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அது போதாவிட்டால் முதலாவதையும் இறக்குங்கள். பெரியவர்களுக்கு என் விருப்பம்: டிஸ்பிளே சைஸை நடுவிலேயே விட்டுவிட்டு எழுத்தை மட்டும் ஏற்றிக் கொடுப்பது. அவர்கள் அதிகம் பார்ப்பது மெசேஜைத்தானே.

இணையப் பக்கத்தில் மட்டும் எழுத்து எறும்பளவுக்குத் தெரிந்தால் இந்தக் கோடுகளைத் தொடவே வேண்டாம். குரோமின் மூன்று புள்ளிக்குள் ‘டெஸ்க்டொப் சைட்’ என்பதில் சரி போட்டிருக்கிறதா பாருங்கள், எடுத்துவிடுங்கள். பெரிய திரை டெப்களில் குரோம் தானாகவே அப்படித் திறப்பதுண்டு.

திரை திடீரென்று பூதாகாரமாகிவிட்டது, நகரவே மாட்டேன் என்கிறது

குழந்தை கையில் டெப் போய்வந்த வீட்டில் அடிக்கடி நடப்பது. ‘மெக்னிபிகேஷன்’ என்ற வசதி தெரியாமல் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. ஆண்ட்ராய்டில் இரண்டு விரலால் இழுத்தால் திரை நகரும். திரையை ஒரு விரலால் மூன்று முறை தட்டினால் பெரும்பாலும் பழையபடி ஆகும். பிறகு செட்டிங்ஸ், ‘அக்சசிபிலிட்டி’ சென்று அதை அணைத்துவிடுங்கள். ஐபேட்டில் மூன்று விரலால் இரண்டு முறை தட்ட வேண்டும். அங்கே அதன் பெயர் ‘சூம்’. பாடம் நடக்கும் சூம் செயலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதை அழித்துவிடாதீர்கள்.

கறுப்பு வெள்ளையாகிவிட்டது, அல்லது எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது

ஸ்க்ரீன்ஷொட் சோதனை இங்கே நன்றாகக் கைகொடுக்கும். வேறு போனில் நிறம் சரியாக இருந்தால் இது பெரும்பாலும் செட்டிங்தான். மஞ்சள் என்றால் ‘நைட் லைட்’ அல்லது ‘ஐ கம்பர்ட்’. கறுப்பு வெள்ளை என்றால் ‘பெட்டைம் மோட்’, ஐபேட்டில் ‘கலர் பில்டர்ஸ்’. நேரம் குறித்து வைத்திருந்தால் அணைத்தாலும் மறுநாள் இரவு திரும்ப வரும், நேரக் குறிப்பையும் எடுத்துவிடுங்கள். விஞ்ஞானப் பாடத்தில் அமிலம், காரம் காட்டும் காட்டியின் நிறமாற்றத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு, நைட் லைட் போட்ட திரையில் வெள்ளையும் வெளிர்மஞ்சளும் ஒன்றாகத்தான் தெரியும்.

வெளிச்சம் தானாக ஏறுகிறது, இறங்குகிறது

மலைநாட்டில் இதை அதிகம் பார்க்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கும்போது எதிர்மலையில் இருந்து மூட்டம் ஏறி வந்து அறையை இருட்டாக்கும், கொஞ்ச நேரத்தில் விலகி வெயில் அடிக்கும், அப்புறம் மறுபடி மூடும். முன்கமராவுக்குப் பக்கத்தில் உள்ள வெளிச்ச உணரி ஒவ்வொரு முறையும் அதைப் பின்தொடர்கிறது. திரையும் அதோடு ஏறி இறங்கும். கண் களைத்துப்போகும்.

டிஸ்பிளேயில் ‘அடெப்டிவ் பிரைட்னஸ்’ என்பதை அணைத்து, கையால் ஒரு அளவில் வையுங்கள். அணைக்க விருப்பமில்லையென்றால், வெளிச்சம் பிடிக்காதபோதெல்லாம் கோட்டைக் கையால் நகர்த்துங்கள். சில நாளில் அது உங்கள் விருப்பத்தைப் பழகிக்கொள்ளும். கவரின் மடிப்பு அந்த உணரியை மறைக்கிறதா என்பதையும் பாருங்கள். மறைத்தால் பட்டப்பகலிலும் திரை மங்கியே இருக்கும்.

முழுதாக ஏற்றியும் மங்கல்தான் என்றால் மூன்று இடங்கள்: ‘பவர் சேவிங்’ போட்டிருக்கிறதா, ‘எக்ஸ்ட்ரா டிம்’ போட்டிருக்கிறதா, டெப் கொதிக்கிறதா. சார்ஜில் போட்டு, பாடமும் ஓடி, சூடேறினால் டெப் தன்னைக் காக்க வெளிச்சத்தைக் குறைக்கும். கவரைக் கழற்றி ஆறவிடுங்கள்.

பாடத்தின் நடுவில் திரை அணைந்துவிடுகிறது

டிஸ்பிளேயில் ‘ஸ்கிரீன் டைம்அவுட்’ என்பதை 10 நிமிடத்துக்கு ஏற்றுங்கள். ஐபேட்டில் அது ‘ஓட்டோ-லொக்’. பவர் சேவிங் இதையும் குறைத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எழுத்து தமிழாக வராமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது

டிஸ்பிளேயிலும் மொழி செட்டிங்கிலும் எதை மாற்றினாலும் இது தீராது. இலங்கையில் பழைய வினாத்தாள்களும் கடிதங்களும் இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைக்கும் எழுத்துரு. டெப்பில் அது இல்லாததால் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிகிறது. வேர்ட் பைலாக வந்திருந்தால், அனுப்பிய சேரிடமோ டீச்சரிடமோ பிடிஎப்பாக மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள். பிடிஎப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்தே வரும். அந்தப் பிடிஎப்பில் இருந்து ஒரு பந்தியைக் கொப்பி செய்து ஒட்டினால் மறுபடி ஆங்கிலக் குப்பையாகும். அந்த இடத்தில் ஸ்க்ரீன்ஷொட்தான் சரியான வழி. எழுத்தாகவே வேண்டுமென்றால் பாமினியை, எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடாக மாற்றும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன.

திரையில் கோடு, கறை, அல்லது உள்ளே பனி மூடியது போல மங்கல்

ஸ்க்ரீன்ஷொட்டில் அந்தக் கோடு வராவிட்டால் பழுது கண்ணாடியில். பக்டரி ரீசெட் செய்து குறிப்புகளை இழக்காதீர்கள், ரீசெட்டால் கண்ணாடி திருந்தாது.

பனி மூடியது போன்ற மங்கல் ஈரத்தால் வருவது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்கு மழைக்காலத்திலும், பதுளை, பண்டாரவளை பக்கம் வருடக் கடைசி மழையிலும் சுவரே வியர்த்து நிற்கும். குளிரில் கிடந்த டெப்பை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனால் சூடான ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படியும். அணைத்து, கவரைக் கழற்றி, அடுப்பில் இருந்து தள்ளி, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வையுங்கள். மங்கல் முழுதாக மறையும்வரை சார்ஜ் போட வேண்டாம். அடுப்புக்கு மேல் தொங்கவிட்டுக் காயவைப்பது பெற்றரிக்கு ஆபத்து.

கோடோ கறையோ நாளுக்கு நாள் அகன்றால், தொடுகை வேலை செய்யும்போதே படங்களையும் பிடிஎப்களையும் மெமரி கார்டுக்கோ வேறொரு போனுக்கோ மாற்றிவிடுங்கள். பழுதுபார்க்கும் கடைக்குப் போகும்போது வேறு போனில் சுத்தமாகத் தெரியும் அந்த ஸ்க்ரீன்ஷொட்டைக் காட்டுங்கள். மென்பொருள் போட வேண்டும் என்ற பேச்சு அங்கேயே நின்று, கண்ணாடியின் விலைக்கு நேரே வந்துவிடும்.